போவதற்குக் காரணம்

முன்னறையில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். பின்னறையில் மகள் கட்டிலுக்கடியில் தலையை நுழைத்து ஒற்றைக் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தாள். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது. ஒன்று கையில் இருந்தது. அதன் ஜோடி எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. மூன்று மணிக்குக் குழந்தையைக் கூட்டிப்போக அலுவலர் வந்துவிடுவார். நாலு மணிக்கு அம்மாவை எடுக்க வண்டி வரும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து அழ அவளுக்கு யாரும் நேரம் ஒதுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

கட்டிலின் மேல் மேனேஜர் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. கால்களைத் தொங்கப்போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வங்கியில் தன் முறைக்குக் காத்திருக்கும் பெரிய மனுஷியைப் போல. நேற்றுக் காலை பத்து மணியிலிருந்து அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மேனேஜர் என்பது அம்மா வைத்த பெயர். எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே, குழாய் மூடியிருக்கிறதா, அடுப்பு அணைந்திருக்கிறதா, வாசல் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். "வீட்டுக்கு மேனேஜர் வந்தாச்சு, இனிமே நான் காலை நீட்டிப் படுக்கலாம்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்பா போய், பிள்ளைகள் இருவரும் தனித்தனியாகப் போன பிறகு, இந்தச் சின்ன மாடி வீட்டை அம்மா வளர்ப்பு வீடாகப் பதிவு செய்துகொண்டாள். பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளைகளை அலுவலகம் கொண்டுவந்து விடும். வேறு இடம் அமையும்வரை இங்கே இருப்பார்கள். சிலர் ஒரு வாரம், சிலர் இரண்டு வருஷம். பதினாலு வருஷத்தில் இருபத்து மூன்று பேர். யாரையும் 'அம்மா' என்று கூப்பிட விடமாட்டாள். "அவங்கவங்களுக்கு ஒரு அம்மா இருக்கா, அந்த இடத்துல நான் போய் உக்காரக் கூடாது" என்பாள். எல்லாருக்கும் அவள் பெரியம்மா. "உனக்கு இருபத்து மூணு பிள்ளைங்க. அதுல நான் எத்தனாவதும்மா?" என்று மகள் ஒரு தடவை கேட்டபோது, அம்மா வெறுமனே சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். மகளுக்கு அது பல நாள் நெஞ்சில் உறுத்தியது.

அனுமதி அம்மாவின் பெயரில்தான். அம்மா போனதும் அனுமதியும் போயிற்று. நேற்று ஒரு இரவு மட்டும் குழந்தை அண்ணன் குடும்பத்தின் பொறுப்பில் இங்கேயே இருக்கட்டும் என்று அலுவலர் எப்படியோ சமாளித்தார். "இடம் காலியா இருக்கறது ஒரே ஒரு வீடுதான். நாளைக்கும் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாதுங்க. இப்படி ஒரு நாள்ல வந்து கூட்டிட்டுப் போறது எனக்கே என்னமோ மாதிரிதான் இருக்கு" என்று போனில் சொன்னார்.

மகள் காலுறைத் தேடலைக் கைவிட்டுத் துணிகளை மடித்தாள். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தரும் சலவை ஆலையில் பதினோரு வருஷமாக இரவு வேலை. மடிப்பது அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். இப்போது கண் தானாகவே மூடிக்கொண்டது. அவள் தூங்கி இரண்டு நாள் ஆகிறது.

அண்ணி டீ கொண்டுவந்து வைத்தாள். குழந்தைக்கு எட்டாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"உன்னால வச்சுக்க முடியாதா?"

"ஒத்தை ரூம் அண்ணி. ராத்திரியெல்லாம் வேலை. என்னை நானே தூக்கிச் சுமக்க முடியல."

"சும்மாதான் கேட்டேன். எங்க வீட்டுல மட்டும் என்ன வாழுதாம்." அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு பொட்டுத் தண்ணி குடிக்கல பிள்ளை. எப்படிக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேங்குது. அதிர்ச்சி போல."

அதிர்ச்சி இல்லை என்று மகளுக்குத் தெரியும். காரணம் அவள்தான்.

நேற்றுக் காலை பத்து மணிக்குத் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அம்மாவின் கட்டிலை ஒட்டித் தரையில் மேனேஜர் படம் வரைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, உதட்டில் விரல் வைத்து, "ஷ்... பெரியம்மா இன்னும் தூங்கறாங்க" என்றாள். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. அந்தப் பெருமைக்குக் காரணம் இருந்தது. இதற்கு முன்னால் இருந்த வீட்டிலிருந்து அவளை மாற்றியதே, இரவெல்லாம் எழுந்து எழுந்து வீட்டிலுள்ளவர்களை எழுப்புகிறாள் என்ற புகாரினால்தான். இந்த எட்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அவள் யாரையும் எழுப்பாத பிள்ளையாகியிருந்தாள்.

மகள் அம்மாவின் நெற்றியில் கை வைத்தாள். கையை எடுத்த வேகத்தில் வாயில் வந்தது அதுதான்.

"ஏண்டி எழுப்பல? எத்தனை மணிலேர்ந்துடி இங்க உக்காந்திருக்க? பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, ஏண்டி எழுப்பல?"

தெருவுக்கே கேட்டிருக்கும். மேனேஜர் கிரேயானை ஒவ்வொன்றாக டப்பாவில் அடுக்கி மூடினாள். வாயையும் அப்போது மூடியவள்தான்.

பதினொரு மணிக்கு வந்த டாக்டர், "மாரடைப்புங்க. ஆறு, ஆறரைக்குள்ள முடிஞ்சிருக்கும்" என்றார். குழந்தை எப்போதும் எழுவதே ஏழு மணிக்கு. அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்ற மகள், அடுத்த அறைக்கு நடந்து போய் அந்த ஒரு விஷயத்தைக் குழந்தையிடம் சொல்லியிருக்கலாம். அதற்கு நேற்று முழுவதும் நேரம் இருந்தது, இன்று காலை முழுவதும் இருந்தது. சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அடுத்ததையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குப் பயம்.

மூன்றுக்குக் கால் மணி இருக்கும்போதே அலுவலர் வந்துவிட்டார். நடுத்தர வயதுப் பெண்மணி. கடுமையான ஜலதோஷம், கைக்குட்டையும் கோப்புமாக வந்தார். முன்னறையில் அம்மாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பின்னறைக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"எனக்கே இது என்னமோ போல இருக்கு. இந்த ரூம்ல உக்காந்து அம்மாகிட்டேர்ந்து ஒன்பது பிள்ளைங்கள நான் கூட்டிட்டுப் போயிருக்கேன்." மூக்கை உறிஞ்சினார். "தாள் எழுதி வச்சிருக்காங்களா?"

"எந்தத் தாள்?"

"அம்மா எழுதற தாள். புது வீட்டுல முதல்ல கேட்டதே அதைத்தான். எங்க ரிப்போர்ட்டெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க, அதைப் படிப்பாங்க."

மேசை இழுப்பறையில் வெற்றுத் தாள்கள் ஒரு கட்டு இருந்தன. அம்மாவே தன் கையெழுத்தில் தலைப்புகள் போட்டு நகலெடுத்து வைத்தவை. தூக்கம். சாப்பாடு. பயம். பிடித்தது. கடைசியில், போவதற்குக் காரணம். ஒரு பிள்ளை கிளம்பும் அன்று அதைப் பக்கத்தில் உட்காரவைத்து அம்மா இந்தத் தாளை நிரப்புவாள். ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டுவாள். பிள்ளை சரி என்று தலையாட்டினால்தான் அடுத்த வரி. முடிவில் பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும், கீழே வீட்டுப் பெரியவர்கள் இருவர் போட வேண்டும். தன்னைப் பற்றி என்ன எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரியாமல் எந்தப் பிள்ளையும் இன்னொரு வாசலில் போய் நிற்கக் கூடாது என்பது அம்மாவின் கட்சி. காரணத்தை நாம் எழுதாவிட்டால் பிள்ளைகள் தாங்களாகவே ஒன்றை எழுதிக்கொள்ளும் என்றும் சொல்லுவாள். இதையெல்லாம் அம்மா போனில் சொல்லும்போது மகள் 'ம்' கொட்டிக்கொண்டு பல் தேய்ப்பாள்.

"நீங்க எழுதிடுங்க. அஞ்சு நிமிஷம் நான் வெளில இருக்கேன்" என்று அலுவலர் எழுந்து போனார்.

மகள் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்த பிறகுதான், தனக்கு இந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது உறைத்தது.

"தூக்கம். நன்றாகத் தூங்குவாள்னு போடறேன். சரியா?"

மேனேஜர் இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்ப? லைட் வேணுமா?"

தலை மேலும் கீழும் ஆடியது.

"ரூம் லைட்டா?"

"பாத்ரூம் லைட்."

மகள் நிமிரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அந்தக் குரல் திரும்ப உள்ளே போய்விடும் என்று பட்டது. எழுதிக்கொண்டே, "கதவு?" என்றாள்.

"பாதி திறந்திருக்கணும். பாதின்னா பாதி. முழுசா திறந்தா தூக்கம் வராது."

"சாப்பாடு. எல்லாம் சாப்பிடுவான்னு எழுதட்டுமா?"

"பொய்."

"சரி, நீயே சொல்லு."

"முட்டையில மஞ்சள் மட்டும்."

"வெள்ளையை என்ன பண்ணுவ? கீழ போடுவியா?"

"பெரியம்மா சாப்பிடுவாங்க."

மகள் 'மஞ்சள் மட்டும்' என்று எழுதி அதன் கீழே கோடு போட்டாள். எழுத்து கொஞ்சம் கோணியது.

"பயம்?"

மேனேஜர் யோசித்தாள். "கத்தினா."

"யாரு கத்தினா?"

"யாரு கத்தினாலும்."

அதையும் அப்படியே எழுதினாள். முகம் சுட்டது.

"பிடித்தது."

"ராத்திரி அடுப்பு அணைஞ்சிருக்கான்னு பாக்கறது."

"அது பிடிச்சதா, பயமா?"

மேனேஜர் தாளில் இரண்டு தலைப்பையும் விரலால் தொட்டாள். "ரெண்டும். ரெண்டு இடத்துலயும் எழுதிடுங்க."

எழுதினாள். இனி கடைசிக் கட்டம். மகள் கேட்காமலேயே எழுதி வாசித்தாள். "போவதற்குக் காரணம். பெரியம்மா இறந்துவிட்டார்." இரண்டு நாளில் அவள் இதை வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை.

மேனேஜர் தாளை எட்டிப் பார்த்தாள். "அது இல்ல."

"எது இல்ல?"

"காரணம். நான் எழுப்பலன்னு எழுதணும்."

"அப்படியெல்லாம் இல்லடா."

"நீங்கதான சொன்னீங்க." குரலில் கோபமோ அழுகையோ இல்லை. விட்டுப்போன வரியை ஞாபகப்படுத்துகிற குரல். "முதல்ல எழுப்பினேன்னு அனுப்பினாங்க. இப்ப எழுப்பலன்னு அனுப்பறாங்க. புது வீட்டுல எழுப்பணுமா கூடாதான்னு கேட்டு எழுதிடுங்க அக்கா. எனக்குத் தெரியல."

மகள் பேனாவை வைத்துவிட்டாள். 'உன் மேல தப்பு இல்ல' என்று சொல்லிவிடலாம். அண்ணி காலையிலிருந்து 'ஒண்ணும் இல்லடா' என்று பத்துத் தடவை சொல்லிவிட்டாள். பிள்ளை அசைந்து கொடுக்கவில்லை. பெரியவர்கள் வாய் வார்த்தைக்குச் சொல்வதையெல்லாம் நம்புகிற பிள்ளை இந்த வீடுவரைக்கும் வந்திருக்காது. அரைமணியில் இவள் கார் ஏறிவிடுவாள். அப்புறம் 'நான் எழுப்பல' என்ற அந்த வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை வீடு போவாளோ.

"நான் ஒண்ணு சொல்றேன். யாருக்கும் தெரியாது. அண்ணனுக்குக்கூடத் தெரியாது."

மேனேஜர் அவளைப் பார்த்தாள்.

"நேத்துக் காலைல ஆறு பத்துக்குப் பெரியம்மா எனக்குப் போன் பண்ணாங்க. நான் வேலை முடிஞ்சு பஸ்ல என் ரூமுக்குப் போயிட்டிருந்தேன். பேர் தெரிஞ்சுது. நான் எடுக்கல. கவுத்து மடியில வச்சுக்கிட்டேன்."

"ஏன்?"

"தூக்கம். அலுப்பு." அவள் நிறுத்தினாள். அது முழு உண்மை இல்லை. "தினமும் காலைல போன் பண்ணி உன்னைப் பத்தியேதான் பேசுவாங்க. மேனேஜர் அதைச் சொன்னா, மேனேஜர் இதைப் பண்ணான்னு. ஒரு நாளாவது என்னைக் கேளேன்னு எனக்கு இருக்கும். அந்தக் கடுப்புல எடுக்கல."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் வந்து, மூக்கின் பக்கமாக இறங்கி, தாளில் சொட்டப் பார்த்தது. மேனேஜர் தாளைச் சட்டென்று தள்ளி வைத்தாள்.

"நீ எப்ப எழுந்த?"

"ஏழு. சின்ன முள்ளு ஏழுல இருந்துச்சு."

"ஆறரைக்குள்ள முடிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னார். நீ எழுந்தப்போ எழுப்பறதுக்குப் பெரியம்மா இல்ல. புரியுதா? நீ பக்கத்து ரூம்லதான் இருந்த. ஒரு குரல் கொடுத்தா எழுந்திருப்ப. பெரியம்மா உன்னை எழுப்பல. என்னைத்தான் எழுப்பினாங்க. எடுக்காதவ நான். கத்தினதும் நான்."

முன்னறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். மேனேஜர் தொங்கிய காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மன்னிப்பு என்று ஏதாவது வரும் என மகள் எதிர்பார்த்திருக்கக்கூடும். வந்தது வேறு.

"அதையும் எழுதுங்க."

"எதை?"

"போன் வந்தது. நீங்க எடுக்காதது. சொன்னா எழுதணும். பெரியம்மா அப்படித்தான் செய்வாங்க."

அது அலுவலகக் கோப்புக்குப் போகும் தாள். புது வீட்டில் யார் யாரோ படிப்பார்கள். கீழே இன்னொரு கையெழுத்தை அண்ணன் போட வேண்டும். இதெல்லாம் ஒரு நொடியில் மகளுக்குள் ஓடியது. பேனாவை எடுத்தாள். எழுதிக்கொண்டே வாசித்தாள்.

"போவதற்குக் காரணம். பெரியம்மா இறந்துவிட்டார். காலை ஆறு பத்துக்கு அவர் தன் மகளைப் போனில் கூப்பிட்டார். மகள் எடுக்கவில்லை. குழந்தை ஏழு மணிக்குத்தான் எழுந்தாள். அதற்கு முன்பே பெரியம்மா இறந்துவிட்டார். குழந்தை எழுப்பியிருந்தாலும் எழுந்திருக்க முடியாது. ஏன் எழுப்பவில்லை என்று குழந்தையிடம் கத்தியது மகளின் தவறு."

"புது வீட்டுல எழுப்பலாமா?"

"குழந்தைக்குப் பயமாக இருந்தால் எந்த நேரமானாலும் எழுப்பலாம்" என்று எழுதினாள்.

மேனேஜர் விரல் வைத்து வரி வரியாக ஒரு தடவை படித்தாள். 'எடுக்கவில்லை' என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். அதன் கீழே மகள் கையெழுத்துப் போட்டாள்.

அலுவலர் வந்து படித்தார். படித்து முடித்ததும் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டார். ஜலதோஷம் நல்ல சாக்கு.

"இதை இப்படியே வைக்கலாமா? வேற மாதிரி எழுதித் தந்தாலும் போதுங்க."

"இப்படியே வைங்க."

அண்ணனைக் கூப்பிட்டார்கள். வண்டிக்காரர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவன், போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வந்து, எங்கே போட வேண்டும் என்று கேட்டபடி பேனாவை வாங்கினான். பழக்கதோஷத்தில் கண் தாளில் ஓடியது. நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைப் பக்கத்தில் பிடித்து மறுபடி படித்தான்.

"ஆறு பத்தா?"

"ஆறு பத்து."

"அம்மா போன்ல சார்ஜ் இல்லன்னு சொன்ன."

"அணைச்சு வச்சிருக்கேன். என் பைக்குள்ள இருக்கு."

அவன் அவளைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் குனிந்து கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடாமல் மேசையில் வைத்தான். பிறகு குழந்தையின் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசல் பக்கம் நடந்தான்.

அந்த வீட்டுக்கு ஒரே வாசல்தான். வெளியே போக வேண்டுமானால் முன்னறை வழியாகத்தான் போக வேண்டும். நேற்றிலிருந்து குழந்தையை அந்தப் பக்கம் யாரும் விடவில்லை. "கண்ணைப் பொத்திக் கூட்டிட்டுப் போயிடு, பயந்துக்கும்" என்று அண்ணி கிசுகிசுத்தாள். மகள் பொத்தவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அறையின் நடுவில் மேனேஜர் நின்றாள்.

"அக்கா, எழுப்பிப் பாக்கட்டுமா?"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் போய், பார்க்காமல் கையை இறக்கிக்கொண்டார்.

"பாரு" என்றாள் மகள்.

மேனேஜர் கையை விடுவித்துக்கொண்டு பக்கத்தில் போனாள். குனிந்து, சாதாரணக் குரலில், "பெரியம்மா" என்றாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "பெரியம்மா, மணி மூணே கால். எழுந்திரிங்க" என்று கொஞ்சம் உரக்கச் சொன்னாள். தோளில் கை வைத்து ஒரு தடவை அசைத்தாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

மேனேஜர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அவசரப்படவில்லை. பிறகு திரும்பி வந்து மகளின் கையைப் பிடித்தாள்.

"எழுந்திரிக்கல."

"ஆமா."

"நேத்தும் எழுந்திரிச்சிருக்க மாட்டாங்க."

"மாட்டாங்க."

சரி என்பதுபோல் மேனேஜர் தலையாட்டினாள். வாசலில் உட்கார்ந்து தானே செருப்பை மாட்டிக்கொண்டாள். வார் இடம் மாறிப் போய்விட, கழற்றி மறுபடி மாட்டினாள். அண்ணன் பையோடு முன்னால் இறங்கினான். அவனுக்குப் பின்னால் அலுவலர். படியின் திருப்பத்தில், நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட வண்டிக்காரர்கள் இருவர் ஸ்ட்ரெச்சரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்கள்.

"பாத்து மெதுவா இறங்கு பாப்பா" என்றார் அவர்களில் ஒருவர்.

மேனேஜர் ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் மகளின் இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.